200 வெள்ளிப் பற்றுச்சீட்டும் மூன்றாம் ஆண்டு பில்லும்

சிங்கப்பூரில் வீட்டுக்கு ஃபைபர் (கண்ணாடியிழை) இணையம் எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை: மாதக் கட்டணம் எவ்வளவு, கையோடு வரும் பற்றுச்சீட்டு எவ்வளவு. எக்ஸ்போவிலோ சன்டெக்கிலோ கணினிச் சந்தை நடக்கும் வாரத்தில் இரண்டாவது எண் முதலாவதை மறைத்துவிடும். ஆனால் பரிசு ஒருமுறைதான் வரும், பில் மாதாமாதம் வரும். ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே இணைப்பிலேயே இருந்துவிடும் வீடுகள்தான் நம்மிடையே அதிகம் என்பதால், நான்கு ஆண்டு ஓட்டினால் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்று பார்த்து எழுதியது இது.

கணக்கை முதலில் முடித்துவிடலாம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை, உங்கள் கையில் இருக்கும் விளம்பரத்தின் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தொகுப்பு மாதம் 44.90 வெள்ளி. ரூட்டர் இலவசம், இணைப்புக் கட்டணம் தள்ளுபடி, 200 வெள்ளிப் பற்றுச்சீட்டும் உண்டு. இரண்டாவது தொகுப்பு மாதம் 34.90 வெள்ளி. ரூட்டர் இல்லை, பரிசு இல்லை, இணைப்புக் கட்டணம் 60 வெள்ளி. 24 மாதத்துக்கு முதலாவது 1,077.60, பற்றுச்சீட்டைக் கழித்தால் 877.60. இரண்டாவது, இணைப்புக் கட்டணத்தோடு 897.60. ரூட்டரையும் 150 வெள்ளி கொடுத்து வாங்கினால் 1,047.60. இரண்டு ஆண்டுக்கு எப்படிப் பார்த்தாலும் பரிசு தரும் தொகுப்புதான் மலிவு. இதையே விலை மாறாமல் 48 மாதத்துக்கு நீட்டிப் பாருங்கள். முதலாவது 1,955.20 ஆகிறது. இரண்டாவது, ரூட்டர் வாங்கிய செலவையும் சேர்த்து 1,885.20தான். வீட்டில் ஏற்கெனவே நல்ல ரூட்டர் இருந்தால் 1,735.20, அதாவது 220 வெள்ளி குறைவு. கொடுத்த பற்றுச்சீட்டு முழுவதும் திரும்பிப் போய்விட்டது.

ஆகவே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: 24 மாதம் முடிந்ததும் வேறு நிறுவனத்துக்கு மாறுகிற வீடா, மாறாத வீடா? மாறுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் புது வாடிக்கையாளர் சலுகையை எடுக்கலாம், அதில் தவறே இல்லை. மாறப்போவதில்லை என்றால் பரிசை மறந்துவிட்டு, குறைந்த மாதக் கட்டணத்தைத் தேடுங்கள். வயதான பெற்றோர் தனியாக இருக்கும் வீட்டுக்கு எடுக்கும்போது இது இன்னும் முக்கியம். அங்கே யாரும் தேதி பார்த்து மாற்றப்போவதில்லை.

பற்றுச்சீட்டை எடுப்பது என்று முடிவானால், நிபந்தனைப் பக்கத்தை விண்ணப்பிக்கும் நாளன்றே முழுவதும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதே பக்கம் மாறியிருக்கும். சிக்கல் வருவது அநேகமாக மூன்று இடங்களில். முதலாவது, ‘புது வாடிக்கையாளர்’ யார் என்ற வரையறை. சில சலுகைகளில் பெயரை மட்டும் பார்ப்பார்கள், சிலவற்றில் முகவரியையும் பார்ப்பார்கள். கணவர் பெயரில் இருந்ததை ரத்து செய்துவிட்டு மனைவி பெயரில் எடுத்தால், அதே முகவரி என்பதற்காகப் பரிசு மறுக்கப்படலாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை, முன்பு குடியிருந்தவர் அதே நிறுவனத்தில் இருந்திருக்கலாம். இரண்டாவது, இணைப்பு உயிர்பெற வேண்டிய கெடு. விண்ணப்பித்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று இருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புதிதாகக் கட்டித் தரும் பிடிஓ வீட்டுச் சாவிக்குக் காத்திருப்பவர்கள் சந்தையில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். சாவி கைக்கு வந்து, புதுப்பிப்பு வேலை இரண்டு மூன்று மாதம் இழுத்தால் கெடு தாண்டிவிடும். சாவி வாங்கி, தச்சு வேலை முடியும் தேதி தெரிந்த பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. அடுத்த சந்தையில் வேறு சலுகை வரத்தான் போகிறது.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல சலுகைகளில் பரிசு தானாக வராது. இணைப்பு வந்த பிறகு ஒரு மின்னஞ்சல் வரும், அதில் உள்ள படிவத்தைக் குறிப்பிட்ட நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது விளம்பர அஞ்சல்களோடு கலந்து கிடக்கும். விலை ஒப்பீட்டுத் தளம் வழியாக விண்ணப்பித்தால் படிவத்தை அனுப்புவது இணைய நிறுவனமல்ல, அந்தத் தளம். அங்கே சொடுக்கிவிட்டுப் பாதியில் மூடி, பிறகு நிறுவனத்தின் பக்கத்தில் நேரடியாகப் போய் முடித்தால் அந்தத் தளத்தின் கணக்கில் விண்ணப்பம் ஏறாது. விளம்பரத் தடுப்பானை நிறுத்திவிட்டு, ஒரே மூச்சில் முடியுங்கள். பேநவ் வழியாக வங்கிக் கணக்குக்கு வரும் பணம் என்றால் முழு மதிப்பு. கடைப் பற்றுச்சீட்டு என்றால், எப்படியும் ஃபேர்பிரைஸ் கடையில் செலவழிக்கப்போகிற தொகைக்கு மட்டும்தான் மதிப்பு, அதிலும் காலாவதித் தேதி உண்டு. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் பரிசைத் திருப்பிக் கேட்கும் நிபந்தனை இருக்கிறதா என்றும் பாருங்கள். அது முன்கூட்டி முறிக்கும் கட்டணத்துக்கு மேல் தனியாக வரும்.

இனி இணைப்பு. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக், வியூக்வெஸ்ட், சிம்பா என்று யாரிடம் எடுத்தாலும் வீட்டுக்கு வரும் கண்ணாடியிழை பெரும்பாலும் நெட்லிங்க் நிறுவனத்துடையதுதான். சுவரில் ஒரு சிறு வெள்ளைப் பெட்டி இருக்கும், அதுதான் முனையம். பழைய வீவக வீடுகளில் வாசலிலிருந்து வெள்ளைப் பட்டைக்குள் ஓடி வந்து முடியும். பல புதிய வீடுகளில் மின்விசைப் பெட்டி இருக்கும் அலமாரியிலோ தொலைக்காட்சிச் சுவரிலோ இருக்கும். பெட்டியில் பொதுவாக இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில் பழைய நிறுவனம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புது நிறுவனத்தைக் கொண்டுவந்துவிடலாம். மாறும்போது இணையம் இல்லாத நாளே வராமல் பார்த்துக்கொள்ள இதுதான் வழி. இரண்டாவது துளை சும்மா இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். பழைய இணைப்பை ரத்து செய்யும் அறிவிப்பைப் புது இணைப்பு ஓடத் தொடங்கிய பிறகு கொடுங்கள். ரத்துக்கு முன்னறிவிப்புக் காலம் உண்டு என்பதால் ஒரு மாத பில் இரட்டிப்பாகலாம். பரிசுக் கணக்கில் அதையும் கழியுங்கள்.

அடுத்து வேகம். 1 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு 1 கிகாபிட்) தொகுப்புகள் பல ஆண்டுகளாக ஓடுவது ஜிபான் என்ற பழைய முறையில். ஓர் இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் பிரிப்பான் ஒன்றுக்குக் கீழுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து பதிவிறக்கத்துக்கு 2.488 ஜிபிபிஎஸ், பதிவேற்றத்துக்கு 1.244 ஜிபிபிஎஸ் பகிர்ந்துகொள்ளும். 10 ஜிபிபிஎஸ் தொகுப்புகள் எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற புதிய முறையில் வருகின்றன. அங்கே இரு பக்கமும் 10, கையில் கிடைப்பது அதிகபட்சம் 8.5 அளவில். தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் இந்த மாற்றத்துக்கு 100 மில்லியன் வெள்ளி வரை செலவிடுவதாக 2024இல் அறிவித்த பிறகு 3, 5, 10 என்று தொகுப்புகள் மலிவாகிவிட்டன. விலை வித்தியாசம் இரண்டு மூன்று வெள்ளிதான் என்றால் எடுக்கலாம். ஆனால் அந்த வேகம் வீட்டுக்குள் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். ரூட்டரில் கம்பி செருகும் சாதாரண 1ஜி லேன் துளையில் வேகச் சோதனை 940 மெகாபிட்டைத் தாண்டாது. 2.5ஜி துளையில் 2,350 அளவு வரும். சுவருக்குள் ஓடுவது கேட் 5இ வகை லேன் கம்பியாக இருந்தால் 2.5ஜி வரை நம்பலாம். கேட் 6 என்றால் வீட்டு நீளத்துக்கு 10ஜியே ஓடும். கைப்பேசியில் வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இணைப்பு வேகம் 1,201 என்று காட்டும், உண்மையில் கிடைப்பது 600 முதல் 800. நாலறை வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் 4கே படம் பார்த்தாலும் 100 மெகாபிட்டுக்கு மேல் பெரும்பாலும் போகாது. நாம் உணரும் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தொகுப்பின் வேகம் அல்ல, வைஃபைதான்.

வைஃபைக்கு நம் வீடுகளில் பெரிய எதிரி ஷெல்ட்டர் எனும் பாதுகாப்பு அறை. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் அந்த அறையின் கம்பி நிறைந்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அங்கேயே நிறுத்திவிடும். ரூட்டரை அதற்குள் வைத்துப் பூட்டினால் எத்தனை ஜிபிபிஎஸ் வாங்கினாலும் பயனில்லை. சுவரைக் குடைந்து கம்பி இழுக்கவும் கூடாது. ரூட்டருக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவில் ஷெல்ட்டர் நின்றால் ஒரே ரூட்டரால் சமாளிக்க முடியாது. மெஷ் (ஒரே வைஃபையைப் பல கருவிகள் சேர்ந்து பரப்பும் முறை) தேவை, அதுவும் இரண்டு கருவிகளையும் கம்பியால் இணைத்த மெஷ். இதற்கெனத் தனி அலைவரிசை ஒதுக்காத கம்பியில்லா மெஷ்ஷில் இரண்டாவது கருவி தன் அலைவரிசையில் பாதியை முதல் கருவியோடு பேசவே செலவழிக்கும். அறைகளுக்கு கேட் 6 முனைகள் போட்டிருக்கும் புதிய வீடுகளில் இதைச் செய்வது எளிது. இல்லாதவர்கள் புதுப்பிப்பு வேலையின்போதே தட்டையான கம்பியைச் சுவரோரப் பட்டைக்குள் ஓடவிடுங்கள். பிறகு செய்ய யாருக்கும் மனம் வராது.

இலவச ரூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆண்டில் குறையே தெரியாது. எத்தனை 2.5ஜி துளை, 160 மெகாஹெர்ட்ஸ் அகலம் உண்டா, மென்பொருள் புதுப்பிப்பு எவ்வளவு காலம் வரும் என்று மாதிரி எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். மூன்றாம் ஆண்டில் புதுப்பிப்பு நின்றுபோன ரூட்டர் பாதுகாப்புக்கு ஆகாது. 160 மெகாஹெர்ட்ஸைத் திறந்தால் ரேடாருக்கு வழிவிட வேண்டிய அலைவரிசைகளும் சேர்ந்துகொள்ளும். ரேடார் குறி பட்டதும் ரூட்டர் வேறு அலைவரிசைக்கு மாறும், ஜூம் அழைப்பு சில விநாடிக்கு உறையும். அடிக்கடி அப்படி ஆனால் 80க்கு இறக்கிவிடுங்கள். வைஃபை 6இ, 7 ரூட்டர்களுக்கு 6 கிகாஹெர்ட்ஸில் இங்கே திறந்திருப்பது கீழ்ப்பகுதியின் 500 மெகாஹெர்ட்ஸ், 5,925 முதல் 6,425 வரை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெரிய எண்கள் முழு அலைவரிசையும் திறந்த நாடுகளுக்கானவை.

ஊருக்கு அழைத்துப் பேசுகிற வீடுகள் கட்டாயம் பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் ஐ2ஐ கடலடிக் கம்பி ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஒளி போய்த் திரும்பவே 30 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும், எந்தத் தொகுப்பும் அதைக் குறைக்காது. ஆனால் நிறுவனம் தன் போக்குவரத்தை வேறு நாடு சுற்றி அனுப்பினால் அதுவே 100ஐத் தாண்டும், படம் சதுரம் சதுரமாக உடையும். உள்ளூர் வேகச் சோதனை இதைக் காட்டாது. அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருக்கும் உறவினர் வீட்டில் இரவு 9 மணி அளவில் சென்னைச் சேவையகத்தைத் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பாருங்கள். தாமதம் 40, 50 மில்லிவிநாடிக்குள் நின்றால் நிம்மதி. வீட்டுக் கேமராவையோ கோப்புச் சேமிப்பையோ வெளியிலிருந்து நேரடியாகத் திறக்கிறவர்கள் வீட்டுக்கெனத் தனியாகப் பொது ஐபி முகவரி (இணையத்தில் வீட்டை அடையாளம் காட்டும் எண்) தருவார்களா என்று கேளுங்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டும் வேன் (வெளிப்பக்க) முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் அது பலர் பகிரும் முகவரி. வெளியிலிருந்து உள்ளே வர வழி கிடையாது, நிலையான ஐபிக்கு மாதாமாதம் தனிக் கட்டணம் வரும்.

ஆண்டுகள் ஓடியபின் வரும் கோளாறுகள் பெரும்பாலும் சில்லறை விஷயங்கள். இணையம் அறவே போய், ஓஎன்டி பெட்டியில் (இழையில் வரும் ஒளியை ரூட்டருக்கு ஏற்ற குறியாக மாற்றும் கருவி) எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்து அலமாரியை நகர்த்திய பிறகு இது அடிக்கடி வரும். முனையத்திலிருந்து ஓஎன்டிக்குப் போகும் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளைக் கம்பி அலமாரிக் காலில் நசுங்கியிருக்கும், அல்லது கூர்மையாக மடிந்திருக்கும். மூன்று சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் தளர்வாக வளைத்துவிட்டு, பச்சை நுனியைக் கழற்றி, ‘க்ளிக்’ என்று சத்தம் கேட்கும்வரை திரும்பச் செருகுங்கள். நுனியை விரலால் தொடாதீர்கள், உள்ளே பார்க்காதீர்கள். அப்படியும் சிவப்பு மாறாவிட்டால் நிறுவனத்தை அழைத்து ‘எல்ஓஎஸ் சிவப்பு’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், ரூட்டரை மீட்டமைக்கச் சொல்லும் படிகளைத் தாண்டிப் போகலாம். முனையப் பெட்டியையோ அதற்கு வரும் இழையையோ ஒப்பந்ததாரர் வெட்டியிருந்தால் பழுதுச் செலவு வீட்டுக்காரர் தலையில்தான். தச்சர் அலமாரி அடிக்கும் முன் அந்தப் பெட்டி திறக்கும்படி கதவு விடச் சொல்லுங்கள்.

சிவப்பு விளக்கு எரியாமல் இருந்தும் பிற்பகலில் மட்டும் விட்டுவிட்டு அறுந்தால் சூட்டைச் சந்தேகியுங்கள். 10ஜி ஓஎன்டிகள் தொட்டால் நன்றாகவே சுடும். மூடிய அலமாரியில் ரூட்டரையும் அதையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நம் வெயிலில் தாங்காது. நிமிர்த்தி வைத்து, கதவில் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்று நான்கு ஆண்டான மின்மாற்றியும் (அடாப்டர்) இதே கோளாறைக் காட்டும். அதே வோல்ட், அதற்குக் குறையாத ஆம்பியர் உள்ள ஒன்றை மாற்றிப் பார்த்த பிறகு ரூட்டரைக் குறை சொல்லுங்கள்.

ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது கைப்பேசி நாட்காட்டியில் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். அன்று புது வாடிக்கையாளருக்கு அதே நிறுவனம் கொடுக்கும் விலையைப் பார்த்து, மறு ஒப்பந்த விலை அதைவிட எவ்வளவு கூடுதல் என்று கண்டு, அதை 24ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகையைச் சொல்லி, ரத்து செய்யப்போவதாக அழைத்தால் விலை இறங்குவதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. இறங்காவிட்டால் சுவர்ப் பெட்டியில் இரண்டாவது துளை இருக்கிறது. மறு ஒப்பந்தத்தில் ‘இலவச’ ரூட்டரைத் திரும்பத் தர வந்தால், அது வேண்டாம், மாதக் கட்டணத்தில் கழியுங்கள் என்று கேளுங்கள். சில இடங்களில் கழிக்கிறார்கள்.