விண்டோஸ் சர்வரோடு மேக்: சில ஆண்டு அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் வடிவமைப்புப் பிரிவுக்கு மட்டும் மேக். கோப்புகள் எல்லாம் விண்டோஸ் சர்வரில். சில ஆண்டுகளாக இப்படித்தான் வேலை நடக்கிறது. நான் பார்த்தவரை, இணைப்பு கிடைக்காதபோது கோளாறு பெரும்பாலும் சர்வரின் பெயரிலோ பாஸ்வேர்டிலோதான் இருக்கிறது. மேக் காட்டும் செய்தியை வைத்து எது என்று சொல்லிவிட முடியாது, படிப்படியாகத்தான் பார்க்க வேண்டும்.

மேக்கில் கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரின் இடப்பக்கப் பட்டியலில் சர்வர் தெரியாவிட்டால் பதற வேண்டாம். பட்டியலில் தெரியாத சர்வரோடும் இணைய முடியும். கமாண்ட், கே இரண்டையும் சேர்த்து அழுத்தி முகவரியை நேராகக் கொடுங்கள். பெயரைக் கொடுத்தால் இணைப்பு வராமல் ஐபி எண்ணைக் கொடுத்தால் வந்தால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பக்கம் பாருங்கள். அலுவலக டொமைன் (நெட்வொர்க்கின் பெயர்) '.லோக்கல்' என்று முடிந்தால் என் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். அதே நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேடித் தரும் ஆப்பிளின் போன்ஜூரும் அதே முடிவைத்தான் பயன்படுத்துகிறது. ஐபிக்கும் வரவில்லையா? கோப்புப் பகிர்வு நடக்கும் 445-ஆம் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அதிகம் படுத்துவது பாஸ்வேர்டுதான். டொமைன் பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் மேக் பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கீசெயினில் பழையது கிடக்கும். மேக் அதையே திரும்பத் திரும்ப அனுப்ப, கணக்கு பூட்டிக்கொள்ளும். ஐடி பிரிவில் சொல்லித் திறந்தாலும் சற்று நேரத்தில் மறுபடி பூட்டு. கீசெயின் அக்சஸில் அந்த சர்வருக்கான பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக நுழைந்தால் சரியாகிவிடும். அப்புறம் கடிகாரத்தையும் பாருங்கள்: அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ், மேக்குக்கும் சர்வருக்கும் வழக்கமாக 5 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும்.

பழைய சர்வருக்காக எஸ்எம்பி1-ஐ (கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பு) திறந்து வைக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். மேக்கிலோ 2013-இல் வந்த மேவரிக்ஸ் இயங்குதளத்திலேயே அடுத்த பதிப்பான எஸ்எம்பி2 இயல்பாகிவிட்டது. மாற்ற வேண்டியது அந்தப் பழைய சர்வரைத்தான்.

கோப்புப் பெயரில் கேள்விக்குறி, நட்சத்திரக்குறி வைக்காதீர்கள். விண்டோஸ் அவற்றை அனுமதிப்பதில்லை. அந்தப் பக்கம் திறப்பவருக்குப் பெயர் சிதைந்து தெரியும். பெரிய ஃபோட்டோஷாப் கோப்புகளை நான் சர்வரிலிருந்தபடியே திருத்துவதில்லை. மேக்கில் நகலெடுத்து முடித்துவிட்டுத் திரும்ப ஏற்றுகிறேன்; நடுவில் வைஃபை அறுந்தாலும் வேலை போகாது.