பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையும் என் தையல் அறையும்

சென்னைப் புறநகர் பம்மலில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்னறைதான் என் தையல் கடை. பத்துக்குப் பன்னிரண்டு. சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். ஆனால் பிளவுஸ் போட்டுப் பார்க்கக் கண்ணாடி வேண்டும், இஸ்திரி போட மேசை வேண்டும், ஊக்கும் பட்டனும் வைக்க ஏதாவது வேண்டும். அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு அறை லட்சணமாகவும் இருக்க வேண்டும். ஃபர்னிச்சர் கடையில் மரச்சட்டம் போட்ட நீளக் கண்ணாடிக்கு மட்டும் 7,500 ரூபாய் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் பல்லாவரம் சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். மூன்று வருடம் ஆகிறது. இப்போது மெஷின், ஃபேன் தவிர இந்த அறையில் இருப்பதெல்லாம் அங்கே வாங்கியதுதான்.

சந்தை வெள்ளிக்கிழமை மட்டும், பழைய டிரங்க் ரோட்டில். பல்லாவரம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம். வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்த இடம். இன்று பூச்செடியிலிருந்து பழைய குழாய் வரை எல்லாம் உண்டு. புதுத்துணி, பிளாஸ்டிக் சாமான், காய்கறிக் கடைகளை வேகமாகத் தாண்டிவிடுங்கள். நமக்கு வேண்டியவர்கள் தரையில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். இடித்த வீட்டுச் சாமானும், காயலான் கடையில் பொறுக்கி எடுத்ததும், வீடு மாற்றியவர்கள் கழித்துவிட்டுப் போனதும் அவர்களிடம்தான் வரும். காலை ஏழு மணிக்குள் போனால் போணி நேரம், விலை படியும்.

ஒரு துணி கைக்கு வந்தால் முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பது எங்கள் தொழில் பழக்கம். மேல்பக்கம் எல்லாத் தையலும் அழகாகத்தான் தெரியும். சந்தையிலும் நான் எதையும் கவிழ்த்துப் பார்க்காமல் விலை கேட்பதில்லை. கண்ணாடி கிடைத்ததே அப்படித்தான். வான நீலப் பெயின்ட் அடித்து, பார்க்க ஒன்றுமில்லாத ஒரு கதவு சுவரோரம் சாத்தியிருந்தது. புத்தக அலமாரியின் ஒற்றைக் கதவு. நாலரை அடி உயரம், ஒன்றரை அடி அகலம், நடுவில் ஒரே கண்ணாடி, அதுவும் விரிசல்.

"பீரோ இல்லக்கா, கதவு மட்டுந்தான். ஆயிரத்து நானூறு குடுங்க."

திருப்பினேன். பின்பக்கம் பெயின்ட் படவில்லை. ரேகை நேராக ஓடியது. சாவிமுனையால் ஓரத்தில் சுரண்டியதும் பொன்னிறமும், தேக்குக்கே உரிய அந்த எண்ணெய் வாசனையும். கீழ்ச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். உளுத்த மரமாக இருந்தால் குண்டூசித் துளைகளிலிருந்து மாவு கொட்டும். கொட்டவில்லை. பித்தளைச் சாவித்துளைத் தகடும் அப்படியே இருந்தது. 900க்கு முடிந்தது. ஆட்டோவுக்கு 150.

விரிசல் கண்ணாடியைப் பிடித்திருந்த மெல்லிய ரீப்பர்களைத் தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, கண்ணாடிக் கடையில் நாலு மில்லிமீட்டர் நிலைக்கண்ணாடி வெட்டி வாங்கி, அதே ரீப்பரை வைத்து அடித்துவிட்டேன். கண்ணாடி 780, வாட்டர் பேப்பரும் எண்ணெயும் 270. ஆக மொத்தம் 2,100. ஆணி அடிக்க முடியாததால் சுவரில் சாய்த்து, கீழே ரப்பர் துண்டு கொடுத்து, மேலே ஜன்னல் கம்பியோடு கயிற்றால் கட்டியிருக்கிறேன். இந்தக் கட்டை விட்டுவிடாதீர்கள். குழந்தையோடு வருகிறவர்கள் உண்டு, கண்ணாடி சரிந்தால் விபரீதம்.

பெயின்ட் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் காரீயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் எவ்வளவு இருக்கும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. காய்ந்தபடியே தேய்த்தால் அந்தத் தூசி மூச்சில் போகும், தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் போகும். நான் மொட்டை மாடியில் பிளாஸ்டிக் விரித்து, நல்ல மாஸ்க் போட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு வாட்டர் பேப்பரில் தேய்த்தேன். நீலத்துக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் காவி. மூன்று நாள் ஆனது. பிறகு லின்சீட் ஆயில் இரண்டு கை. ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவைத்த பிறகுதான் குப்பைக்கு.

மெஷின் கால்களைப் பற்றி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சந்தையில் பழைய சிங்கர், உஷா மெஷின்களின் வார்ப்பிரும்புக் கால்கள் அடிக்கடி வரும். பூவேலைப்பாடு போல வார்த்த கால், நடுவில் பெயர், கீழே மிதி, ஓரத்தில் பெரிய சக்கரம். மேலே பலகையோ கல்லோ போட்டால் அருமையான மேசை. அதனால் இப்போது கிராக்கி அதிகம். ஆனால் ஓடுகிற மெஷினின் தலையைக் கழற்றி வீசிவிட்டுக் காலை மட்டும் விற்கிறார்கள், அதைப் பார்க்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கண்முன்னாலேயே ஒரு சிங்கர் தலை இரும்பு விலைக்கு எடை போடக் கிடந்தது. அதன் அடித்தட்டில் இருந்த எண் ஒய் எழுத்தில் தொடங்கியது. ஒய், எஃப் என்று தொடங்கும் எண்கள் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் செய்தவை. 1880களில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையை 1980இல் மூடிவிட்டார்கள். கைச்சக்கரத்தைத் திருப்பினேன். ஊசிக்கம்பி மேலும் கீழும் தடங்கலில்லாமல் போய் வந்தது. இரண்டு சொட்டு எண்ணெயும் ஒரு புது பெல்ட்டும் போதும், இன்னும் ஐம்பது வருடம் தைக்கும். காலை வாங்க வந்தவரிடம், "சார், தலையையும் சேர்த்து எடுத்துக்கோங்க, நல்லா ஓடுது" என்று சொன்னேன். எடுத்துக்கொண்டார்.

நான் வாங்கியது தலை ஏற்கெனவே தொலைந்துபோன கால். விலை 1,600. துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கறுப்பு எனாமல் அடித்தேன். மேலே போட, கல் கடையில் வெட்டி மீந்த கடப்பாக்கல் துண்டு 300 ரூபாய்க்குக் கிடைத்தது. அதன்மேல் பழைய கம்பளியை நாலாக மடித்து, காடாத்துணி உறை தைத்துப் போட்டிருக்கிறேன். இஸ்திரிப்பெட்டியை அழுத்தினாலும் அசையாது. மிதி இன்னும் ஆடும். அளவு கொடுக்க வரும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அதை மிதிப்பதுதான் வேலை, சக்கரம் சுற்றும்போது விரல் மாட்டாமல் இருக்கப் பின்னால் ஒரு வலை கட்டினேன்.

பட்டன்களுக்கு நாலு அடுக்குப் பித்தளை டிபன் கேரியர். பித்தளையா, பூச்சா என்று பார்க்க ஒரு சின்ன காந்தம் எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். ஒட்டினால் உள்ளே இரும்பு. உள்பக்க வெள்ளீயப் பூச்சு தேய்ந்திருந்தது, அதனால் சாப்பாட்டுக்கு ஆகாது, ஊக்குக்கும் ஜிப்புக்கும் ஆகும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தபோதுதான் அடித்தட்டின் கறுப்புக்குள்ளிருந்து எழுத்து தெரிந்தது. உளியால் புள்ளி புள்ளியாக வெட்டிய இரண்டு முதலெழுத்து, கீழே 12-6-68. யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராகப் போயிருக்க வேண்டும். பாலிஷ் போடுகிறவர், "மெஷின்ல குடுத்தா பேரு போயிடும்மா, பளிச்சுனு இருக்கும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அம்மாவின் குடத்திலும் அப்படித்தான் தாத்தா பெயர் வெட்டிக் கொடுத்தார், அதன்மேல் கை வைக்க யாரையும் விட மாட்டேன்.

குறைகளும் உண்டு. பில் கிடையாது, திருப்பிக் கொடுக்க முடியாது. வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். பெண்களுக்குக் கழிப்பறை தேடி அலைய வேண்டும். ஒருவரிடம் பெண்டுலக் கடிகாரம் 1,200க்கு வாங்கினேன், அங்கே ஓடியது, வீட்டில் ஒரு நாள்கூட ஓடவில்லை. பிறகு பார்த்தால் உள்ளே ஸ்பிரிங் வேறு ஏதோ கடிகாரத்துடையது. முதுகுப் பலகையைத் திறக்கச் சொல்லாதது என் தவறு, தெரிந்தே விற்றது அவர் தவறு. அதிலிருந்து நகரும் பாகம் உள்ள எதையும் நான் வாங்குவதில்லை. மின்விளக்கு வாங்கினால் கூட்டை மட்டும் பாருங்கள், பழைய ஒயரையும் ஹோல்டரையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள். பில் இல்லாத செல்ஃபோன் பக்கமே போக வேண்டாம். ஊறுகாய் ஜாடி என்றால் காசால் தட்டிப் பாருங்கள், கணீரென்றால் எடுங்கள், மொத்தென்றால் விரிசல்.

அலமாரிக் கதவு விற்ற தம்பி போன வாரம் என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார். "அக்கா, அந்த பீரோவோட இன்னொரு கதவு அதே வீட்டுல இருக்காம். அடுத்த வெள்ளி எடுத்தாறேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்." இருநூறு ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். போன கதவுக்கு இடப்பக்கம் கீல் இருந்த பள்ளம், இதற்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் பார்த்துத்தான் மீதியைக் கொடுப்பேன்.