எல்லாருக்கும் ஒரே பெட்டி: நூலகத் தேடல் சேவை, ரெஃபரன்ஸ் மேசையிலிருந்து

நூலகத்தின் புத்தகப் பட்டியல், ஆய்விதழ்கள், தரவுத்தளங்கள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தேடித் தரும் சேவை ஒன்றை எங்களுக்கு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். நான் ரெஃபரன்ஸ் மேசைக்காரி, அதாவது தேடி வருகிறவர்களின் கேள்விகளுக்கு வழிகாட்டும் நூலகர். வாசகர்கள் என்ன தட்டுகிறார்கள், எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்க்கிறவள். அந்த நாற்காலியில் இருந்துதான் இந்த மதிப்புரை.

முதலாண்டு மாணவர்களுக்கு இது நிஜமாகவே உதவுகிறது. தலைப்பு கையில் இருக்கும், அதில் என்ன எழுதுவது என்பது தெரியாது. தேட ஆரம்பித்தால் குழப்பம் குறையும் என்றுதான் நினைப்போம். நடுவில் அது கூடத்தான் செய்கிறது என்று நூலகவியல் ஆய்வாளர் கரோல் குல்தாவ் 1991-லேயே எழுதிவிட்டார். எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்று ஒரு பிடி கிடைத்த பிறகுதான் மனம் தெளியுமாம். அந்தப் பிடியை இந்தச் சேவையின் இடப்பக்கப் பட்டியல் கொடுக்கிறது. ‘சமூக ஊடகம்’ என்று தட்டிவிட்டு, வந்து குவிந்ததைப் பார்த்து மிரண்டுபோயிருந்த ஒரு மாணவி, அந்தப் பட்டியலில் ‘தூக்கம்’ என்ற துணைத்தலைப்பைப் பார்த்தாள். சரி, இதுதான் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வேதியியல்காரர்கள் பாடுதான் பாவம். ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பதால் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியாகத் தரப்படும் சி.ஏ.எஸ். பதிவெண்ணை வைத்து அவர்கள் தேடுவார்கள். ஆஸ்பிரினுக்கு 50-78-2. ஓர் ஆய்வாளர் அதை அப்படியே தட்டினார். பெட்டி அதைப் பக்க எண் என்று எடுத்துக்கொண்டு, ஐம்பதாம் பக்கத்தில் தொடங்கி எழுபத்தெட்டில் முடியும் கட்டுரைகளை அடுக்கிவிட்டது. முதலில் நின்றது ஏதோ கட்டடக் கலைக் கட்டுரை! அவர் சிரித்துவிட்டு, மூலக்கூறை வரைந்தே தேட முடிகிற தன் பழைய தரவுத்தளத்துக்குத் திரும்பிப் போனார். அதன்பின் இந்தப் பக்கம் வரவில்லை.

பொறியாளர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தரத்தைவிட, எது சுலபமாகக் கைக்கு எட்டுகிறதோ அதைத்தான் அவர்கள் முதலில் நாடுகிறார்கள் என்று கெர்ஸ்ட்பெர்கர், ஆலன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968-இல் காட்டினார்கள். இன்றும் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை வாங்கினோம் என்று மேலதிகாரிகள் சொல்லும்போது நான் வாயைத் திறப்பதில்லை.

எனக்கு உண்மையான கோபம் மருத்துவத் தேடலில்தான். பணி நடுவே ஓடிவரும் செவிலியருக்கு வேண்டியது நம்பகமான ஒரே பதில். முறைசார் மீளாய்வு, அதாவது ஒரு கேள்வி பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் வேலை, செய்பவருக்கோ ஒன்றுகூட விடுபடக் கூடாது. எந்தச் சொல்லை எதனோடு சேர்த்து, எந்தத் தேதியில் தேடினார் என்பதையும் எழுதிக் காட்டியாக வேண்டும். இந்தச் சேவை இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்தைத்தான் நீட்டுகிறது. தேடல் வரலாறோ, வெளியேறியதும் காணாமல் போகிறது. மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: தன் நோயின் பெயரைச் சற்றுமுன்தான் மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டு வந்தவர். அப்படி ஒருவர் தட்டியபோது மேலே வந்து நின்றது எலிகள் மீது நடந்த ஒரு சோதனை. அவர் அதை வரிவரியாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்; நான்தான் போய் நிறுத்தினேன்.

இதைப் பிரித்துச் செய்ய முடியாதா என்றால், முடியும். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட்டை 1997-இல் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆய்வாளருக்கான அந்த வாசல் போதாது என்றுதானே, பொதுமக்களுக்கென்று எளிய மொழியில் மெட்லைன்பிளஸை 1998-இல் தனியாகத் தொடங்கினார்கள்? எங்கள் பெட்டியிலிருந்து அதற்கு ஓர் இணைப்புகூட இல்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது, பக்கத்தின் அடியில் சாம்பல் நிறத்தில் பதுங்கியிருக்கும் ‘நூலகரைக் கேளுங்கள்’ பொத்தான். மனதில் இருக்கும் கேள்வியை யாரும் அப்படியே கேட்பதில்லை, எதிரில் இருக்கும் அமைப்பு எதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டு அதற்கேற்ப நறுக்கித்தான் கேட்கிறார்கள் என்று நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968-இல் எழுதினார். மேசையில் தினமும் பார்க்கிறேன். “மருந்துப் புத்தகங்கள் எங்கே இருக்கு?” என்று ஒருவர் கேட்டார். அப்புறம் பேச்சுக் கொடுத்தால், இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துப் போடலாமா என்பதுதான் அவர் கவலை. மருந்தாளரிடம் அனுப்பிவைத்தேன். பெட்டிக்குப் போய்ச் சேருவது நறுக்கிய கேள்வி மட்டும்தான். இந்தப் பொத்தானை அழுத்தினாலோ, அதுவரை அவர் தட்டிய சொற்கள் எல்லாம் என் திரைக்கு வந்துவிடுகின்றன. பாதிக் கதை அதிலேயே புரிந்துவிடும்.

அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டே போகும் வரலாற்று ஆய்வாளர்களுக்கு ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற வசதி ஓரளவு கைகொடுக்கிறது. புதிய இதழ்களுக்கு நன்றாக, பழைய புத்தகங்களுக்குச் சுமாராக.

ஐந்துக்கு மூன்று. தொடக்க மாணவர்கள் அதிகம் வரும் நூலகம் என்றால் தயங்காமல் வாங்கலாம். ஆய்வு மருத்துவமனை நூலகம் என்றால், தனித் தரவுத்தளங்களின் சந்தாவை இதை நம்பி நிறுத்திவிட வேண்டாம். சந்தாவைப் புதுப்பிக்கும் முன் தேடல் வரலாற்றைச் சேமிக்கும் வசதி வேண்டும், அந்தப் பொத்தானை மேலே ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவதற்கு மட்டும் ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்திருக்கிறது.