பத்து வருடம் ஆத்தங்குடிக் கல்லில் நடந்த பிறகு

எங்கள் வீட்டில் ஆத்தங்குடிக் கல் (காரைக்குடிப் பக்கம் கையால் செய்யும் பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல்) பதித்தது 2014 ஆவணியில். திருச்சியில் முதல் மாடி, 1,150 சதுர அடி. கூடம், பூஜை அறை, வாசல் நடை, பால்கனி நான்குக்கும் ஆத்தங்குடிக் கல். படுக்கையறைகளுக்கும் சமையலறைக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ். இரண்டு தரையும் ஒரே வீட்டில், ஒரே வயதில் இருப்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பேச முடிகிறது. புதுவீடு கட்டும் சொந்தக்காரர்களும் தோழிகளும் வந்து பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பார்க்க அழகா இருக்கு, வச்சுப் பராமரிக்க முடியுமா?" முடியும். ஆனால் அதற்கு என்ன வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கல் வாங்கக் காரைக்குடிப் பக்கம் நானும் அத்தையும் நேரில் போனோம். திருச்சியிலிருந்து இரண்டு மணி நேரம். ஆத்தங்குடியில் பட்டறைகளில் நம் கண்முன்னாலேயே செய்கிறார்கள். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு என்று சிமெண்டில் கரைத்த நிறங்களைச் சின்னக் கரண்டியால் அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறார் ஒருவர். அச்சை நேராக மேலே தூக்கி எடுத்தால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் அப்படியே நிற்கின்றன. அதன்மேல் உலர்ந்த சிமெண்ட், மணல் கலவையைத் தூவுகிறார். அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு ஈரக் கலவையைப் போட்டு அழுத்திச் சமன்செய்து ஓரமாக வைக்கிறார். அது இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறுகிறது. வெளியே எடுத்து உலரவிட்டால் கண்ணாடி கழன்று வந்துவிடும். அந்தக் கண்ணாடியின் வழவழப்புதான் கல்லின் முகமாக நமக்குக் கிடைக்கிறது.

அங்கே வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் அத்தையிடம் சொன்னார்: "கண்ணாடிதான் ஆச்சி இதுக்கு பாலிஷு. வீட்டுக்குப் போனதும் யாராவது மெஷின் வச்சு இழைக்கிறேன்னு வந்தா விட்டுராதீங்க. நடக்க நடக்கத் தானா ஏறும்."

அவர் சொன்னதன் அருமை பின்னால்தான் புரிந்தது. நிறம் இருப்பது மேலே சில மில்லிமீட்டர் மட்டும்தான், அதற்குக் கீழே சாதாரண சிமெண்ட். மெஷின் போட்டு இழைத்தால் தேய்வது அந்த நிறம்தான். கல்லைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், இரண்டு அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். இப்போது ஆத்தங்குடி டிசைன் என்று பெயர் சொல்லிப் பூவை அச்சடித்த செராமிக் டைல்ஸும் கடைகளில் இருக்கிறது. அது வேண்டும் என்பவர்கள் அதையே போடலாம், தப்பில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கையால் ஊற்றிய கல்லில் ஒரு பூ இன்னொரு பூ மாதிரி இருக்காது. எங்கள் கூடத்தில் ஒரு கல்லில் மட்டும் மஞ்சள் இதழ் கொஞ்சம் கனமாக விழுந்திருக்கிறது. என் சின்ன மகள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறாள்.

பதிக்கும் வேலைக்கு உள்ளூர் மேஸ்திரியை வைக்கவில்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்தே ஆட்களை வரவழைத்தோம். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்தக் கற்களை இடைவெளியே தெரியாமல் ஒட்ட ஒட்டப் பதிக்க வேண்டும். ஒரு கல்லின் முனை உயர்ந்தாலும் கால்விரல் தினமும் இடிக்கும், பிறகு இழைத்துச் சரிசெய்ய வழியில்லை. கல் முக்கால் அங்குலத்துக்கு மேல் கனம், அதற்கு அடியில் கலவை வேறு. அதனால் விட்ரிஃபைடு போட்ட அறைகளைவிடக் கூடம் அரை அங்குலம் உயர்ந்துவிட்டது. நல்லவேளையாகக் கதவு மாட்டுவதற்கு முன்பே கவனித்தோம். நிலைக்கு அடியில் கறுப்பு கிரானைட் பட்டை கொடுத்து மட்டத்தைச் சேர்த்தார்கள். உங்கள் இன்ஜினியரிடம் இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாங்கள் செய்த பெரிய தவறு, பெயின்ட் வேலை முடியும் முன்பே கல்லைப் பதித்தது. பெயின்ட் சிந்தக் கூடாது என்று வேலையாட்கள் தரை முழுவதும் பிளாஸ்டிக் ஷீட்டை விரித்து, ஓரங்களில் டேப் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கல்லுக்குள்ளும் கலவைக்குள்ளும் இருந்த ஈரம் வெளியேற வழியில்லை. மூன்று வாரம் கழித்து ஷீட்டை உரித்தபோது சிவப்புக் கற்கள் முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அன்றைக்கு நான் அழுதேவிட்டேன். கல் பதித்த மேஸ்திரிக்குப் போன் செய்தால் அவர் பதறவேயில்லை. "ஆசிட் மட்டும் ஊத்திராதீங்கம்மா. உலர்ந்த துணியால துடைங்க, அப்புறம் வெறும் தண்ணி. உள்ள இருக்கிற ஈரம் போனா உப்பு நின்னுரும்" என்றார். அடுத்த சித்திரை வெயில் வரை ஆனது, ஆனால் நின்றது. எலெக்ட்ரீஷியன், பெயின்டர், ஆசாரி எல்லோரும் வேலை முடித்துப் போன பிறகு கடைசியாகக் கல் பதியுங்கள். ஏதாவது விரித்தே ஆக வேண்டுமென்றால் காற்றுப் புகும் சாக்கு விரியுங்கள்.

அன்றாடப் பராமரிப்பு என்பது பெருக்குவதும், வெறும் தண்ணீரில் துடைப்பதும்தான். முதல் இரண்டு மாதம் தினமும் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிறு மூடி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தோம். பிறகு வாரம் ஒருமுறை. இப்போது வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது மட்டும், அதுவும் நினைவிருந்தால். ஃபினாயில், ஆசிட் கலந்த கிளீனர் இரண்டும் கூடத்துப் பக்கம் வருவதே இல்லை. புதிதாகப் பதித்தபோது தரை மங்கலாகத்தான் இருந்தது. இதற்கா இவ்வளவு அலைந்தோம் என்று தோன்றியது. இரண்டாவது வருடத்திலிருந்து மெதுவாக ஒளி ஏறத் தொடங்கியது. சமையலறை வாசலிலிருந்து பூஜை அறை வரை ஒரு தடம் மற்ற இடத்தைவிடப் பளபளப்பாக இருக்கிறது. அது அத்தை வெறுங்காலோடு ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை போய்வரும் வழி. சோபாவுக்கு அடியில் இருக்கும் கற்கள் இன்னும் 2014 மாதிரியேதான் இருக்கின்றன. படுக்கையறை விட்ரிஃபைடு டைல்ஸில் நடந்தது நேர் எதிர். முதல்நாள் கண்ணாடி மாதிரி இருந்தது, இப்போது கட்டில் பக்கம் மெல்லிய கீறல்களும், இணைப்புக் கோடுகளில் போகாத கறுப்பும்.

கறைகளைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல் வீணாவது இங்கேதான். இந்தக் கல்லுக்கு எண்ணெய் பகை இல்லை. நவராத்திரியில் குத்துவிளக்கு எண்ணெய் வழிந்து ஒரு கை அகலத்துக்குக் கறுத்தது, இரண்டு மாதத்தில் இருந்த இடம் தெரியவில்லை. மஞ்சள் கறையும் பயப்படும்படி இல்லை. சன்னல் வெயில் பட்டால் தானே வெளுத்துவிடும். புளிப்புதான் எமன். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவானாலும் சிமெண்டை அரிக்கும். ஒரு ஆயுதபூஜையன்று திருஷ்டி கழித்து, குங்குமம் தடவிய எலுமிச்சைப் பழத்தை வாசல் நடையில் இரண்டு பக்கமும் பிழிந்து வைத்தோம். வழக்கம்போல மறுநாள் காலையில்தான் எடுத்தோம். எடுத்துத் துடைத்தால் ஒரு ரூபாய் அளவுக்கு வெள்ளையாக, கை வைத்தால் சொரசொரவென்று ஒரு வட்டம். அது கறை இல்லை, கல்லின் முகமே போய்விட்டது. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து இப்போது நிறம் ஓரளவு கூடி வந்திருக்கிறது, சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகு வெற்றிலைமேல் வைக்கிறோம், வெற்றிலைக்கு அடியில் ஒரு பித்தளைத் தட்டு. சாப்பிடும்போது ரசம் சிந்தினால் கையோடு துடைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது, விட்டுவைத்தால்தான் வினை.

இரண்டாவது எதிரி துரு. சமையலறையில் வேலை நடந்தபோது கேஸ் சிலிண்டரை ஒரே ஒரு ராத்திரி கூடத்தில் நிறுத்தினோம். கல் ஈரமாக இருந்திருக்க வேண்டும். அடி வளையம் அப்படியே பழுப்பு வட்டமாகப் பதிந்துவிட்டது. என்ன செய்தும் அது போகவில்லை. இரும்புக்கால் உள்ள எதையும் அடியில் ரப்பர் புஷ் இல்லாமல் இந்தத் தரையில் வைக்காதீர்கள்.

உபரியாக 16 கல் வாங்கி வைத்திருந்தோம். சிலிண்டர் வட்டம் விழுந்த நான்கு கல்லை மாற்றினோம். மாற்றிய புதிதில் அந்த நான்கும் பழைய சேலையில் புதுத் துணி ஒட்டுப்போட்ட மாதிரி துருத்திக்கொண்டு நின்றன. மற்றவற்றோடு சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. பின்னால் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் அதே சிவப்பு கிடைக்காது. கையால் கலக்கும் நிறம், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும்.

பால்கனிக்கு இந்தக் கல்லைப் போட்டதில் எனக்குத் திருப்தி இல்லை. அது மேற்குப் பார்த்த பால்கனி. சிவப்பும் மஞ்சளும் தாக்குப்பிடித்தன, பச்சை மட்டும் மூன்றாவது வருடமே வெளுக்க ஆரம்பித்தது. வெளியே இருப்பதால் பாதுகாப்பு என்று சொல்லி ஒரு சீலர் வேறு அடித்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது தோல் உரிவதுபோல் உரிந்தது, சுரண்டி எடுக்கவே ஒரு வாரம். உள்ளே எங்கும் சீலர் அடிக்கவில்லை, அங்கே ஒரு குறையும் இல்லை. பால்கனிக்கு, மொட்டை மாடியில் பதிக்கும் சாதாரணத் தட்டை ஓடே போதுமாயிருந்திருக்கும்.

இனி வீட்டு அலங்காரம். நான் முதலில் தரையைத் தனியாகவும் மற்ற அலங்காரத்தைத் தனியாகவும் திட்டமிட்டேன். டிவிக்குப் பின்னால் பூப்போட்ட வால்பேப்பர், கூடத்துக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், அதில் வெள்ளை எல்இடி, கட்டம் போட்ட திரைச்சீலை. எல்லாம் சேர்ந்தபோது கூடம் திருவிழாக் கடை மாதிரி ஆகிவிட்டது. கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவித்தது. வால்பேப்பர் இரண்டாவது ஐப்பசி மழையில் சுவர் ஓதம் கண்டு ஓரத்தில் பிரிந்து வந்தது. அதைக் கிழித்துவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை மாதிரி ஒரு மங்கல் வெள்ளை அடித்தோம். அன்றைக்குத்தான் தரையை முதன்முதலாக முழுசாகப் பார்த்த மாதிரி இருந்தது. திரைச்சீலையும் போய்ச் சாயம் போடாத கைத்தறி வந்தது. பூப்போட்ட தரை இருக்கும் வீட்டில் சுவரும் துணியும் வாய் மூடி இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விளக்கு இன்னொரு பாடம். வெள்ளை எல்இடியில் ஆத்தங்குடிச் சிவப்பு செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரிகிறது. 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் மஞ்சள் ஒளி பல்புகளை மாற்றிப் பார்த்தேன். அன்று மாலை விளக்கைப் போட்டதும் அத்தை, "இப்பத்தாண்டி எங்க ஊரு வீடு மாதிரி இருக்கு" என்றார். பத்து பல்பு மாற்றும் செலவுதான்.

மரச்சாமான் குறைவாக வைத்தோம். பழைய தேக்கு ஊஞ்சல் ஒன்று, கால் உயர்ந்த மர சோபா ஒன்று, ஓரத்தில் சுருட்டி வைக்க இரண்டு பத்தமடைப் பாய். தரை தெரிய வேண்டுமென்றால் சாமானுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். பெரிய கம்பளம் விரிக்கத் தேவையே வரவில்லை. அக்னி நட்சத்திரத்தில் மதியம் பிள்ளைகள் தலையணையை மட்டும் எடுத்துக்கொண்டு வெறுந்தரையில் படுத்துவிடுகிறார்கள். மார்கழியில் அதே குளிர்ச்சி அத்தையின் முட்டிக்கு ஆகவில்லை. வீட்டுக்குள் போட ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். பளபளப்பு ஏறிய இடத்தில் தண்ணீர் சிந்தினால் வழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் துடைத்த கையோடு உலர்ந்த துணியும் போட வேண்டும்.

சமையலறைக்கு இந்தக் கல் போடாதது சரியான முடிவு. புளியும் எலுமிச்சையும் அங்கேதானே புழங்குகிறது. அங்கே எனக்கு வேறு குறை: சிங்க்குக்கு அடியில் சாதாரண கமர்ஷியல் பிளைவுட் வைத்து அலமாரி செய்துவிட்டார்கள், நாலாவது வருடம் ஊதிப் பிளந்தது. தண்ணீர் படும் இடத்துக்கு பலகையில் ஐஎஸ் 710 என்ற முத்திரையை (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான தர எண்) பார்த்து வாங்குங்கள்.

செலவு என்று பார்த்தால், அன்றைக்கு எங்களுக்குக் கல்லும் வண்டி வாடகையும் பதிக்கும் கூலியும் சேர்ந்து, நல்ல விட்ரிஃபைடு போட்டதற்கு ஏறக்குறைய சமமாகத்தான் வந்தது. கூடுதலாகப் போனது நாள்தான். விட்ரிஃபைடு நாலு நாளில் முடிந்தது, இது இரண்டு வாரம். வாடகைக்கு விடப்போகும் வீட்டுக்கு இதைப் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன். குடிவருபவர் தெரியாமல் ஆசிட் ஊற்றினால் ஒரே நாளில் தரை போய்விடும். வேலைக்கு வரும் அக்காவுக்கும் முதல்நாளே சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வருபவர் இப்போது என்னைவிடக் கண்டிப்பு. விருந்தாளி கையில் எலுமிச்சை ஜூஸைப் பார்த்தால் அவரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிடுகிறார்.

மீதி 12 கல் பரணில் சாக்கில் சுற்றி இருக்கிறது. தம்பி புதுக்கோட்டையில் வீடு கட்ட ஆரம்பித்திருக்கிறான், அதைத் தன் பூஜை அறைக்குக் கேட்டான். கொடுக்கவில்லை. ஆத்தங்குடிக்கே கூட்டிப்போய்ப் புதிதாகச் சொல்லிச் செய்து தருகிறேன் என்றேன், பெயின்ட் வேலை முழுக்க முடிந்த பிறகு.