பரம்பிக்குளம் சஃபாரி: வழிகாட்டிக்காகவே போகலாம்

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பரம்பிக்குளம் போய் வந்தேன். அந்தப் புலிகள் காப்பகக் காடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. வண்டிப் பாதை மட்டும் எங்கள் பொள்ளாச்சிப் பக்கம், சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். ஆனப்பாடியில் சீட்டு வாங்கினால் வேனில் ஏற்றிவிடுகிறார்கள். காடர், மலசர், மலைமலசர், முதுவர் என்று நான்கு பழங்குடி மக்கள் இந்தக் காட்டுக்குள் வாழ்கிறார்கள். எங்களோடு வந்த வழிகாட்டி மலசர்.

முறிந்து கிடந்த மூங்கிலைப் பார்த்ததும் வேனை மெதுவாகப் போகச் சொன்னார். "இப்பத்தானுங்க யானை போயிருக்கு." யானை கண்ணில் படவில்லை. ஆனால் அது எதைத் தின்றது, எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல, பார்த்த மாதிரியே இருந்தது.

கன்னிமரத் தேக்கு என்கிற பழைய, பிரம்மாண்டமான தேக்கு மரத்தின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். வெட்டப் போனபோது மரத்திலிருந்து ரத்தம் வந்ததாம், அதனால் கும்பிடுகிறார்களாம். 1994-95இல் மகாவிருட்ச புரஸ்கார் என்கிற, பெரிய மரங்களுக்கான விருதை வாங்கிய மரம் அது. அவர் விருதைப் பற்றிப் பேசவே இல்லை. அம்மாவும் செருப்பைக் கழற்றினார்.

ஒரு குடியிருப்பைத் தாண்டும்போது பின்சீட்டுப் பையன் போனைத் தூக்கினான். "அது எங்க வீடுங்க தம்பி, போட்டோ வேண்டாம்" என்றார். வேன் நிற்கவில்லை. எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது. இரண்டு வருடம் முன்பு வேறொரு மலையில் ஒரு தனியார் விடுதியில் தங்கினோம். ராத்திரி நாங்கள் சாப்பிடும்போது பழங்குடிப் பெண்களை ஆட வைத்தார்கள். அவர்கள் யார், எந்த ஊர், அது என்ன பாட்டு, எதையும் யாரும் சொல்லவில்லை. சோறு தொண்டையில் இறங்கவில்லை. இங்கே எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்பதை அந்த மண்ணின் ஆளே சொல்கிறார். கொடுத்த காசு அதற்கே தகும்.

அப்புறம் அணை, தூணக்கடவு நீர்த்தேக்கம், மான்கூட்டம் எல்லாம் உண்டு. சுற்றிவர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, வயதானவர்களுக்கு இடுப்பு வலிக்கும். முடிந்தால் வழிகாட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருங்கள். கேட்டால்தான் நிறையச் சொல்கிறார்கள்.

திரும்பும்போது அம்மா காட்டுத்தேன் ஒரு பாட்டில் வாங்கினார். லேசாகக் கசந்தது. "எந்தப் பூவுங்க கண்ணு?" என்று வழிகாட்டியிடம் கேட்டு, அவர் சொன்ன மரத்தின் பேரைப் பாட்டில் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்.