சோலார் பூச்சா, சோலார் பேனலா? கூரையைப் பார்த்து முடிவெடுங்கள்

சுவருக்கு அடிப்பதுபோல் ஒரு வண்ணத்தை அடித்துவிட்டால் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிடும் என்று சொல்லும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றுகின்றன. அதைப் பார்த்துவிட்டு, 'இன்னும் இரண்டு வருடம் பொறுப்போம்' என்று பேனல் போடுவதைத் தள்ளிவைப்பவர்களும் இருக்கிறார்கள். காங்கிரீட் மொட்டை மாடி வைத்திருப்பவர் அப்படிக் காத்திருப்பது வீண். அதற்காகப் பூச்சு என்பதே வெறும் கதை என்றும் ஒதுக்கிவிட முடியாது. கண்ணாடிப் பேனலை ஏற்றவே முடியாத கூரைகள் நம் ஊர்களில் ஏராளம். பூச்சுக்கு வேலை அங்கேதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடைகளில் 'சோலார் கோட்டிங்' என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பொருட்களில் ஒன்றைக் காட்டுவார்கள். ஒன்று, வெயிலைத் திருப்பி அனுப்பி மாடியைக் குளிர்ச்சியாக வைக்கும் வெள்ளைப் பெயிண்ட். மற்றொன்று, பேனல் கண்ணாடியில் தூசி ஒட்டாமல் இருக்கத் தெளிக்கும் நானோ திரவம். இரண்டுக்கும் பயன் உண்டு. இரண்டும் ஒரு வாட் மின்சாரம்கூடத் தயாரிக்காது. இங்கே ஒப்பிடுவது மின்சாரம் தயாரிக்கும் மெல்லிய அடுக்குகளை மட்டும்.

தூரிகையால் ஏன் முடியாது

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் கொட்டுவது ஏறக்குறைய 1,000 வாட். 20 சதவீதத் திறனுள்ள பூச்சு அதில் 200 வாட்டை மின்சாரமாக்கும். ஆனால் ஒற்றைச் செல் (ஒளியை மின்சாரமாக்கும் தனி அலகு) எவ்வளவு அகலமாக இருந்தாலும் அதன் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டை ஒட்டியே நிற்கும். அப்படியானால் அந்த ஒரு சதுர மீட்டரிலிருந்து 200 ஆம்பியர் வெளியே வந்தாக வேண்டும். அதைச் சுமக்க வேண்டியதோ வெயிலுக்கு வழிவிடும் மெல்லிய ஆக்சைடு மின்கடத்தி. அதன் தடை உலோகத்தைவிட மிக அதிகம் என்பதால், கிடைத்த சக்தியெல்லாம் அங்கேயே சூடாக வீணாகிவிடும்.

இதற்காகத்தான் தொழிற்சாலையில் பூச்சை 5 முதல் 10 மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக லேசரால் வெட்டி, ஒன்றோடொன்று தொடராக இணைக்கிறார்கள். கீழ் மின்முனையில் ஒரு வெட்டு, ஒளியை உறிஞ்சும் அடுக்கில் ஒரு வெட்டு, மேல் மின்முனையில் ஒரு வெட்டு என்று ஒவ்வொரு கீற்றுக்கும் மூன்று வெட்டுகள். பெரோவ்ஸ்கைட் என்ற ஒளியுறிஞ்சும் படிகத்தின் அடுக்கு அரை மைக்ரான் தடிமன்தான்; மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நடுவே ஒரு தூசி விழுந்து ஊசித்துளை ஏற்பட்டால் மேல் மின்முனையும் கீழ் மின்முனையும் ஒட்டி ஷார்ட் ஆகிவிடும். பெயிண்டரும் தூரிகையும் செய்யக்கூடிய வேலை இது அல்ல. 2011-ல் அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகம் உண்மையிலேயே தூரிகையால் பூசக்கூடிய ஒரு பசையைச் செய்துகாட்டியது. அதன் திறன் சுமார் 1 சதவீதம்.

ஆகவே இன்று 'சோலார் பூச்சு' என்றால், தொழிற்சாலையில் கண்ணாடியிலோ பிளாஸ்டிக் படலத்திலோ மெல்லிய உலோகத் தகட்டிலோ பூசி, மூடி முத்திரையிட்டு வரும் பொருள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கையில் கிடைக்கும்போது அது சுருள் அல்லது தகடு.

ஏற்கெனவே வென்ற பூச்சு

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் ஆலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்டது. வழக்கமான பேனல்களில் உள்ள சிலிக்கானே அங்கே கிடையாது. காட்மியம் டெலூரைடை ஆவியாக்கி, சில மைக்ரான் தடிமனில் கண்ணாடியின் மேல் படியவைக்கிறார்கள். 150 மைக்ரான் அளவுள்ள சிலிக்கான் வில்லையோடு பார்த்தால் இது எத்தனையோ மடங்கு மெல்லியது. ஆனாலும் முன்னும் பின்னும் கண்ணாடி இருப்பதால் பேனலின் எடை சதுர மீட்டருக்கு 13, 14 கிலோ வந்துவிடுகிறது. வழக்கமான சிலிக்கான் பேனல் 11, 12 கிலோதான். அடுக்கு மெல்லியதாக இருப்பதால் மட்டும் கூரையின் சுமை குறைந்துவிடாது. எடையைத் தீர்மானிப்பது கண்ணாடி.

இந்த வகை பெரும்பாலும் பெரிய சூரியமின் நிலையங்களுக்கே போகிறது. கையாளுபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிலிக்கான் பேனலின் திறந்தசுற்று மின்னழுத்தம் (எதனோடும் இணைக்காதபோது உள்ளது) 40, 50 வோல்ட் என்றால் இதற்கு 220 வோல்ட்டை ஒட்டி வரும். 1,000 வோல்ட் இன்வெர்ட்டரில் நான்கைத்தான் தொடராகக் கோக்கலாம். பழைய பழக்கத்தில் பதினாறைக் கோத்தால் இன்வெர்ட்டர் கருகிவிடும்.

வளையும் படலங்கள்

ஜெர்மனியின் டிரெஸ்டனில் உள்ள ஹீலியாடெக் நிறுவனம், கரிமச் சேர்மங்களைப் படலத்தில் ஆவியாய்ப் படியவைத்து, பின்புறம் பசையோடு தருகிறது. சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 கிலோ எடை. திறன் 10 சதவீதத்துக்குள். ஜப்பானின் செகிசுய் கெமிக்கல் பெரோவ்ஸ்கைட்டை 30 சென்டிமீட்டர் அகலச் சுருளில் பூசி, 15 சதவீதத் திறனும் பத்தாண்டு தாங்குதிறனும் எட்டியதாக அறிவித்திருக்கிறது. ஜப்பான் இதில் இத்தனை முனைப்பாக இருப்பதற்கு உள்ளூர்க் காரணம் உண்டு. பெரோவ்ஸ்கைட்டுக்கு வேண்டிய அயோடின் உற்பத்தியில் சிலி நாட்டுக்கு அடுத்த இடம் ஜப்பானுக்குத்தான்.

பெரோவ்ஸ்கைட்டின் வளர்ச்சி வியப்பூட்டுவது. 2009-ல் ஜப்பானிய விஞ்ஞானி மியாசாகாவின் குழு வெளியிட்ட முதல் செல்லின் திறன் 3.8 சதவீதம். 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டிய பல்லடுக்குப் பூச்சில் 27 சதவீதம் எட்டியது. அதே ஆண்டு, சிலிக்கான்மேல் பெரோவ்ஸ்கைட் பூசிய 24.5 சதவீதத் திறன் பேனல்களை ஆக்ஸ்ஃபோர்டு பிவி நிறுவனம் விற்பனைக்கு அனுப்பியது. எங்கள் கணிப்பில், நம் மாடிகளுக்குப் பூச்சு வரப்போகும் வழி இந்தக் கடைசி வழிதான்: சிலிக்கானைத் துரத்திவிட்டு அல்ல, அதன் தலைமேல் ஏறி.

சிக்கல் ஆயுளில் இருக்கிறது. பெரோவ்ஸ்கைட் வெப்பத்தில் இழக்கும் திறன் சிலிக்கானைவிடக் குறைவு. திறன் அளக்கப்படும் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடேறிய டாப்கான் (இன்று பரவலாக விற்கும் வகை) சிலிக்கான், டிகிரிக்கு 0.3 சதவீதம் வீதம் 15 சதவீதத்தை இழந்து நிற்கும்போது, பெரோவ்ஸ்கைட் அந்த நேரத்தில் அதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் அதே சூடுதான் அதன் படிகத்தைச் சிதைக்கிறது, அயனிகள் இடம்பெயர்கின்றன, ஓரத்தில் நுழையும் ஈரம் அதை அதன் மூலப்பொருளான ஈய அயோடைடாக மாற்றிவிடுகிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற இடங்களில் வெப்பமும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்க்கும் ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தரச் சோதனையைத் தாண்டாத படலத்தைக் கடலோரத்தில் ஒட்டவே கூடாது.

கார் பூச்சு பற்றியும் பலர் கேட்கிறார்கள். மெர்சிடிஸ் பென்ஸ் 2024 நவம்பரில் காட்டியது 5 மைக்ரான் தடிமனும் சதுர மீட்டருக்கு 50 கிராம் எடையும் 20 சதவீதத் திறனும் கொண்டது. இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

பசுமைக் கணக்கு

சிலிக்கானை 1,400 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டுக்கு 150 டிகிரி போதும். இதை வைத்துப் பூச்சுதான் பசுமையானது என்று முடிவுகட்டுவது அவசரம். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். 21 சதவீத சிலிக்கான் ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 290 யூனிட் தந்து, தேய்மானம் போக 25 ஆண்டுகளில் 6,500 யூனிட்டுக்கு மேல் தரும். 15 சதவீதப் படலம் ஆண்டுக்கு 210 யூனிட். பத்தாண்டு தாங்கினால் 2,000. எட்டு சதவீதக் கரிமப் படலம் அதே காலத்தில் 1,100. சிலிக்கான் தனக்குச் செலவான ஆற்றலை நம் வெயிலில் ஏறக்குறைய ஓராண்டிலேயே ஈட்டிவிடுகிறது. அந்த 25 ஆண்டுகளுக்கு மூன்று படலம் போடுவதும், மூன்று முறை கழிவைக் கையாளுவதும் பசுமைக் கணக்கில் வந்தாக வேண்டும்.

ஈயத்தைப் பற்றிய பயத்தை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். அரை மைக்ரான் பெரோவ்ஸ்கைட்டில் சதுர மீட்டருக்கு ஒரு கிராமுக்கும் குறைவான ஈயமே இருக்கிறது. சாதாரண சிலிக்கான் பேனலின் சால்டரிலும் ஈயம் உண்டு. வேறுபாடு என்னவென்றால், பெரோவ்ஸ்கைட்டில் உள்ளது நீரில் கரையும் உப்பு. மேலுறை கிழிந்தால் மழையோடு வெளியேறும். பெரிய கவலை, தகரத்தோடு ஒட்டிய படலத்தைப் பிரித்தெடுக்க முடியாது என்பது. 2022-ன் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலுக்கும் இடம் உண்டு. தகரமும் படலமுமாய் ஒட்டிக்கிடப்பதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவது சரியாகாது.

எந்தக் கூரைக்கு எது

காங்கிரீட் மாடிக்கு: கண்ணாடி-கண்ணாடி டாப்கான் சிலிக்கான். 3 கிலோவாட்டுக்குப் பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் இருக்கிறது. அது இந்தியாவில் செய்த செல், பேனலுக்கே கிடைக்கும், இறக்குமதிப் படலத்துக்குக் கிடைக்காது.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு: எதையும் ஒட்டாதீர்கள், துளையும் போடாதீர்கள். பரப்பு பொடிப்பொடியாய் உதிர்வதால் பசை நிற்காது; துளைத்தால் வரும் நார்த்தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஷீட்டை மாற்றிவிட்டுத்தான் மற்றது.

வண்ணம் பூசிய உலோகத் தகடு, அதைத் தாங்கும் ட்ரஸ் (கூரைச் சட்டகம்) மெலிதானது என்றால் படலம் சரியான தேர்வு. ஆனால் அதற்கு முன் ஒரு போட்டியாளரைப் பாருங்கள்: கண்ணாடிக்குப் பதில் இடிஎஃப்இ என்ற பிளாஸ்டிக் போர்த்திய எடை குறைந்த சிலிக்கான் பேனல். சதுர மீட்டருக்கு 3 முதல் 6 கிலோ. திறன் படலத்தைவிட அதிகம். மேலே கால் வைத்தால் செல் விரிசல் விடும் என்பது அதன் குறை.

படலம்தான் என்றால் ஒட்டும் முறையில் ஆயுள் இருக்கிறது. தகட்டைச் சோப்புநீரால் கழுவி, காய்ந்தபின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். காலை வெயில் ஏறுமுன், பனி முழுக்க உலர்ந்தபின் ஒட்டலாம். மேடுகளுக்கு இடையிலுள்ள தட்டைப் பகுதியின் அகலத்தை அளந்து அதற்குள் அடங்கும் படலமாக வாங்க வேண்டும். திருகின் மேலோ இரண்டு ஷீட் சேரும் இடத்திலோ ஓடக் கூடாது, தகடு வெயிலில் நீளும்போது அங்கேதான் கிழியும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ரப்பர் உருளையால் அழுத்தினால் காற்றுக்குமிழ் நிற்காது. குமிழ் நின்ற இடம் சூடாகி, அங்கிருந்து உரியத் தொடங்கும். படலத்துக்குள் உள்ள செல் கீற்றுகள் சரிவின் திசையில், மேலிருந்து கீழாக ஓடட்டும். குறுக்காக ஓடினால், அடியில் சேரும் தூசி கடைசிக் கீற்றை முழுவதும் மறைத்து மொத்தத் தொடரையும் முடக்கும். நெடுக்காக ஓடினால் ஒவ்வொரு கீற்றும் கொஞ்சம் கொஞ்சம்தான் இழக்கும். தகட்டுக்கு எர்த் கட்டாயம்.

வாங்கும்போது சதுர மீட்டருக்கு எத்தனை வாட், பத்தாம் ஆண்டில் எத்தனை வாட், ஓர முத்திரைக்குத் தனி உத்தரவாதம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஐஇசி 61215, பாதுகாப்புக்கான 61730 சான்றிதழ்களையும், கடலோரம் என்றால் உப்புக்காற்றுச் சோதனையான 61701-ஐயும் வாங்கி, அவற்றில் உள்ள மாடல் எண் படலத்தின் பின்புறம் அச்சிட்ட எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஒரு செல்லுக்கான ஆய்வகச் சான்றைக் காட்டிப் படலத்தை விற்பது இந்தச் சந்தையில் அடிக்கடி நடக்கிறது.