வெலிங்டனில் இரண்டு நாள்: மியூசியமா, ஷூட்டிங் நடந்த இடங்களா?

ஆக்லாந்தில், உள்ளேயே படுத்துச் சமைத்துக்கொள்ளும் கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தெற்கே இறங்குகிறவர்களில் பலருக்கு வெலிங்டன் என்றால் ஃபெர்ரிக்குக் காத்திருக்கும் ஊர், அவ்வளவுதான். குக் நீரிணையைத் தாண்டி பிக்டன் போய்ச் சேர மூன்றரை மணி நேரம். அதற்கு முந்தைய ராத்திரி எங்காவது படுத்து எழுந்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார்கள். நியூசிலாந்தின் தலைநகரத்தை இப்படிக் கடந்துபோவது நஷ்டம். குறைந்தது இரண்டு பகல் கொடுக்கலாம்.

கொடுத்தவுடன் வண்டிக்குள் ஒரு பஞ்சாயத்து கிளம்பும். ஒருத்தருக்கு டெ பாப்பா மியூசியம், இன்னொருத்தருக்கு ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எடுத்த இடங்கள். ஒரே ஊர்தானே, இரண்டையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் வேன் குறுக்கே வருகிறது. மியூசியங்கள் பெரும்பாலும் துறைமுகத்தை ஒட்டி, நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அங்கே வேன் வெறும் சுமை. படம் எடுத்த இடங்களில் முக்கியமானவை வடக்கே ஹட் பள்ளத்தாக்கில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே வேன் இல்லாவிட்டால் திண்டாட்டம். ஆகவே எது பிடிக்கும் என்பதோடு, அந்த நீளமான வண்டியை அன்றைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

இடப்பக்கம் ஓட்டுவது நமக்குப் பழக்கம்தான், அதில் பயமில்லை. பயப்பட வேண்டியது உயரத்துக்கும் காற்றுக்கும். படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள பெரிய வேன்கள் 3 மீட்டர் உயரத்தைத் தொடும். மாடிமாடியாக இருக்கும் பார்க்கிங் கட்டடங்களின் வாசலில் தொங்கும் கம்பி அதைவிட வெகு கீழே இருக்கும். கூரை இடித்தால் ஏற்படும் சேதத்தைப் பல வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடு ஏற்காது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். குன்றின் மேல் ஏறும் குடியிருப்புத் தெருக்களோ குறுகலானவை. எதிரே ஒரு பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கித்தான் ஆக வேண்டும்.

காற்று வேறு. நீரிணை வழியாக வரும் காற்றுக்கு வெலிங்டன் பேர்போனது. வேனின் கதவை ஒரு கையால் அலட்சியமாகத் திறந்தால் காற்று அதைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும், கீல் வளைந்துபோகும். காற்று வரும் திசைக்கு மூக்கைக் காட்டி வண்டியை நிறுத்துங்கள். கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திறங்கள். ஊரார் இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் விளையாட்டில்லை.

மியூசியத்தின் பக்கம்

டெ பாப்பாவுக்கு இப்போது கட்டணம் உண்டு. 1998-இல் திறந்ததிலிருந்து பொதுக் கூடங்களுக்கு இலவசமாக இருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து வெளிநாட்டிலிருந்து வரும், 16 வயது நிரம்பியவர்களுக்கு 35 நியூசிலாந்து டாலர். அந்நாட்டில் வசிப்பவர்களுக்கு இன்றும் இலவசம். ஒரு தம்பதிக்கு 70 டாலர் என்பது, வேனை நிறுத்தித் தங்கும் ஹாலிடே பார்க்கில் ஒரு ராத்திரி வாடகைக்குப் பக்கத்தில் வரும் தொகை. ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு வரும் எண்ணம் இருந்தால் போகாதீர்கள். அரைநாள் ஒதுக்க முடிந்தால் காசு வீண் இல்லை.

ஏன் என்பதற்கு, முதல் உலகப்போரின் கல்லிபோலி போர்முனையைப் பற்றிய காட்சிக்கூடம் ஒன்று போதும். 2015-இல் திறந்தது. எட்டு மனிதர்களின் உருவங்கள், ஒவ்வொன்றும் நிஜ அளவைப்போல 2.4 மடங்கு. எல்லோரும் உண்மையில் வாழ்ந்தவர்கள். மருத்துவக் கப்பலில் பணிபுரிந்த நர்ஸ் லாட்டி லெ கலே, தன் தம்பிக்குத் தான் எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்ததைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். தம்பி போரில் இறந்துவிட்டான். கண் விளிம்பில் ஈரம், கையின் தோலில் சுருக்கம், தனித்தனியாகக் குத்தி நட்ட மயிர். கிட்டே போகப் போகச் சிலை என்பது மறந்துவிடுகிறது. பெரிய உருவத்தின் முன் நாம் சின்னப் பிள்ளையாகிவிடுவதால் அந்தத் துக்கமும் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

இந்த உருவங்களைச் செய்தது வேட்டா ஒர்க்‌ஷாப். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தில் வரும் ஆர்க் என்ற அரக்கர்களின் முகங்களையும் கவசங்களையும் செய்த அதே பட்டறை. படத்தின் கைவேலையைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அந்தக் கைவேலையின் உச்சம் மியூசியத்துக்குள்ளேதான் இருக்கிறது. காடுமேடெல்லாம் அலைந்தாலும் அது கிடைக்காது.

மற்றபடி, 2007-இல் அண்டார்டிகாவின் ராஸ் கடலில் பிடிபட்ட 495 கிலோ ராட்சசக் கணவாய் மீன் இருக்கிறது. பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். கட்டடமே ஒரு காட்சிப்பொருள்தான். ஈயமும் ரப்பரும் கொண்ட 152 தாங்கிகளின் மேல் முழுக் கட்டடமும் உட்கார்ந்திருக்கிறது. நிலம் ஆடும்போது அதிர்ச்சியின் பெரும்பகுதியை அவை வாங்கிக்கொள்ளும். இந்தத் தாங்கியை 1970-களில் கண்டுபிடித்தவர் பில் ராபின்சன் என்ற நியூசிலாந்து விஞ்ஞானி.

நமக்கென்று தனியாக ஒன்றும் டெ பாப்பாவின் சேகரிப்பில் உண்டு. உடைந்த வெண்கல மணி ஒன்று. அதன் விளிம்பில் பழைய தமிழ் எழுத்து. முகைதீன் பக்ஸ் என்பவரின் கப்பல் மணி என்று வாசித்திருக்கிறார்கள். 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி அதைக் கண்டபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. சேகரிப்பில் உள்ளதெல்லாம் எப்போதும் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை. அதற்காகவே போகிறவர்கள் முன்கூட்டி விசாரித்துவிட்டுப் போங்கள்.

டெ பாப்பாவுக்குப் பணம் கட்ட மனம் வராவிட்டால் நகரில் மாற்று இருக்கிறது. தேசிய நூலகத்தில் மாவோரித் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் 1840-இல் செய்துகொண்ட வைட்டாங்கி ஒப்பந்தத்தின் மூலத் தாள்களும், பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட 1893 மனுவும் உள்ளன, இலவசம். குவீன்ஸ் வார்ஃபில், 1892-இல் கட்டிய பழைய சுங்கக் கிடங்கில் வெலிங்டன் மியூசியம். 1968 ஏப்ரல் 10-ஆம் தேதி புயலில் துறைமுக வாயிலிலேயே மூழ்கிய வாஹினே ஃபெர்ரியின் கதையை அங்கே பார்த்துவிட்டு மறுநாள் ஃபெர்ரி ஏறுவது கொஞ்சம் தைரியம் வேண்டிய காரியம். கேபிள் கார் மியூசியம் சின்னது, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

படம் எடுத்த இடங்களின் பக்கம்

நகருக்குள் இருப்பது விக்டோரியா குன்று, 196 மீட்டர். கறுப்புக் குதிரைவீரனுக்குப் பயந்து, ஹாபிட்டுகள் என்ற குள்ள மனிதர்கள் மரவேரின் கீழ் ஒளிந்துகொள்ளும் காட்சி இங்கேதான் எடுத்தார்கள். 1999 அக்டோபர் 11-ஆம் தேதி படப்பிடிப்பு தொடங்கியதே இந்தக் குன்றில்தான். போய்ப் பார்த்தால் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு மண்பாதை. அந்த மரம் அங்கே இல்லை. படத்தை நினைவில் வைத்திருப்பவருக்குச் சிரிப்பும் சிலிர்ப்பும் வரும், கூட வந்தவருக்குக் கால்வலிதான் மிச்சம். உச்சியிலிருந்து துறைமுகமும் விமான ஓடுபாதையும் ஒருசேரத் தெரிவதால் ஏறியது வீண்போகாது. வேனைக் கீழே விட்டுவிட்டு நடந்து ஏறுங்கள்.

அப்பர் ஹட்டில் உள்ள ஹார்கோர்ட் பார்க், படத்தில் மந்திரவாதியின் கோட்டையான ஐசன்கார்டின் தோட்டம். இன்று அது குழந்தைகள் ஊஞ்சலாடும் சாதாரணப் புல்வெளி. வழியில் இருப்பதால் வண்டியை நிறுத்தி டீ போட்டுக் குடிக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். ஹெல்ம்ஸ் டீப் கோட்டையையும் மினாஸ் டிரித் நகரத்தையும் செட்டாகக் கட்டிய டிரை கிரீக் கல்குவாரிக்குள் விடமாட்டார்கள். நெடுஞ்சாலையிலிருந்து ஒரு பார்வை, அவ்வளவே.

உண்மையில் போய்ப் பார்க்கத் தகுந்தது கைடோக்கே வட்டாரப் பூங்கா. நகரிலிருந்து 2-ஆம் எண் நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம். எல்ஃபுகளின் ரிவெண்டெல் நகரத்துக்கான செட்டை இந்தக் காட்டுக்குள்தான் போட்டார்கள். படத்தின் அருவிகளில் பெரும்பகுதி கணினி வேலை. இப்போது மீந்திருப்பது வழிகாட்டிப் பலகைகளும் பின்னாளில் நட்டுவைத்த ஒரு வளைவும். போட்டோ எடுக்க அந்த வளைவு போதும், ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் வரச் சொல்ல மாட்டேன். வரச் சொல்வது காட்டுக்காக. ரிமு, ராட்டா, பீச் மரங்கள் அடர்ந்த பழைய காடு, அடியில் கல் தெரியும் ஹட் ஆறு, அதன் மேல் ஆடும் தொங்குபாலம், கோடையில் இறங்கிக் குளிக்கத்தக்க மடுக்கள். வெலிங்டன் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. படம் பார்க்காதவருக்கும் இந்த இடம் பிடிக்கும். மற்ற ஷூட்டிங் இடங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இன்னும் வெறி அடங்காதவர்களுக்கு, மலைக்குக் கிழக்கே உள்ள வைரராப்பா வட்டாரத்தின் தென்கோடியில் புடாங்கிருவா மண்தூண்கள் இருக்கின்றன. இறந்தவர்களின் பாதைக்குப் போகும் வழியாகப் படத்தில் வரும். 555 மீட்டர் உயரமுள்ள ரெமுடாக்கா கணவாயின் வளைவுகளைத் தாண்ட வேண்டும். காற்று பலமாக அடிக்கும் நாளில் உயரமான வேனுக்கு அந்தச் சாலை ஆகாது. இரண்டு நாள் திட்டத்தில் இதை நுழைக்காதீர்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லையே என்று படப் பக்கம் சாய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைடோக்கே போய்வர சுமார் 90 கிலோமீட்டர். டீசல் விலை போக, டீசல் வண்டிகளுக்கு நியூசிலாந்தில் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி உண்டு; வாடகை நிறுவனம் அதை உங்களிடம் கடைசியில் வசூலிக்கும். இருந்தாலும் இரண்டு பேருக்கான டெ பாப்பா டிக்கெட்டைவிடக் குறைவாகத்தான் வரும்.

நடுவில் நிற்கும் மிரமார்

வேட்டா ஒர்க்‌ஷாப்பின் சுற்றுலா மிரமார் பகுதியில், கட்டணம் உண்டு, முன்பதிவு தேவை. இது மியூசியமா, படப் பக்கமா என்றால் இரண்டுக்கும் பாதிப் பாதி. வாசலில் நிற்கும் மூன்று ட்ரோல் (பூத) சிலைகளோடு படம் எடுப்பது இலவசம். நகரிலிருந்து 2-ஆம் எண் பஸ் போகிறது. வழியில் குன்றின் மேல் வெலிங்டன் என்று பெரிய எழுத்துப் பலகை, கடைசி எழுத்துகள் காற்றில் பறப்பதுபோல. முதலில் ஹாலிவுட்டைக் காப்பியடித்து ‘வெலிவுட்’ என்று வைக்கப் பார்த்தார்கள். ஊர் கொதித்தெழுந்து அதை மாற்றவைத்தது. அந்த ஊர்க்காரர்களை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

ராத்திரி எங்கே?

எவான்ஸ் பே படகுத்துறையில், தண்ணீரும் கழிவறையும் உள்ளேயே கொண்ட, சான்றிதழ் பெற்ற தன்னிறைவு வேன்களுக்குக் காசில்லாமல் தங்க இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். விக்டோரியா குன்றுக்கு அந்தப் பக்கம். கடலோரமாக நடந்தே டெ பாப்பா வந்துவிடலாம், மிரமாரும் பக்கம். மியூசியத் திட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. குறை என்னவென்றால் இடங்கள் கொஞ்சம்தான், சீக்கிரம் நிரம்பிவிடும். வண்டியில் நிலையாகப் பொருத்திய கழிவறையும், தன்னிறைவு வேன் என்பதற்கான பச்சைச் சான்றும் இருக்க வேண்டும். இல்லாமல் மாட்டினால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர்.

கைடோக்கேயில் முகாம் மைதானம் உண்டு, கட்டணம் குறைவு, வசதியும் அதற்கேற்ப: கழிவறை, குளிர்ந்த நீர், இருட்டு. வெந்நீர்க் குளியலும் மின் இணைப்பும் கழிவுநீர் கொட்டும் இடமும் வேண்டுமென்றால் லோயர் ஹட்டில் உள்ள ஹாலிடே பார்க்தான். நகரிலிருந்து கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் அங்கே தங்கினால் இரண்டு பக்கமும் பாதித் தூரத்தில் நிற்கும். தினமும் காலையில் நகருக்குள் வேனை ஓட்டிக்கொண்டு போய் நிறுத்த இடம் தேட நேரும் என்பதால், வேறு வழி இருக்கும்வரை நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சரி, எதை எடுப்பது? மழையும் தெற்குக் காற்றும் அடிக்கும் வாரமென்றால் யோசிக்கவே வேண்டாம், மியூசியம்தான். பள்ளிப் பிள்ளைகள் இருந்தாலும் அதே. 16 வயதுக்குக் கீழே அவர்களுக்குக் கட்டணமும் இல்லை. வெயில் நாளாக இருந்து, வண்டிக்குள் ஒரே ஒருவர்தான் பட ரசிகர் என்றால், கைடோக்கேயை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

இரண்டும் வேண்டுமென்பவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். காற்று பலமில்லாத நாளில் வடக்கிலிருந்து வைரராப்பா வழியாக, அதே ரெமுடாக்கா கணவாயைத் தாண்டி, 2-ஆம் எண் சாலையில் இறங்கினால் கைடோக்கே உங்கள் வழியிலேயே வருகிறது. முதல் ராத்திரி அங்கே. மறுநாள் காலை ஹார்கோர்ட் பார்க்கில் டீயோடு முடித்துவிட்டு, மதியத்துக்குள் எவான்ஸ் பேயில் இடம் பிடித்துவிடுங்கள். பிறகு ஃபெர்ரி ஏறும்வரை சாவியைத் தொட வேண்டாம். ஏறும் முன் கேஸ் சிலிண்டரை மூடச் சொல்வார்கள், ஆகையால் காலைக் காபியை அதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.